இடமிருந்து மூன்றாவது முகம்

பூங்காச் சுவரில் ஓர் ஓவியம் வரைவதற்கும் தெருவில் ஒரு சிறுபாலம் கட்டுவதற்கும் நம் அலுவலகத்தில் ஒரே எஸ்டிமேட் படிவம்தான். நீளம், அகலம், உயரம், விகிதம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் முதல் மாதத்திலேயே அதை நிரப்பப் பழகிவிடுவீர்கள். நிரப்புவது எப்படி என்று சொல்ல நான் வரவில்லை. நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். அந்தப் படிவத்தை ஒரு குறையும் இல்லாமல் நிரப்பியே ஒரு மனுஷியைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறேன். அந்தக் கதைதான் இது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, கண்ணேறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவேன், மற்ற ஆறு நாளும் சிமெண்டையும் கம்பியையும் நம்புவேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மீதி உங்கள் இஷ்டம்.

நம் மாவட்டத்தின் மேற்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பூங்கா, பூங்காவுக்கு நீளமான ஒரு சுற்றுச்சுவர். பூங்காக்களிலும் தெருக்களிலும் மக்கள் பார்க்கிற மாதிரி கலைப் படைப்புகள் வைக்க வேண்டும் என்று ஒரு நிதி வந்தது. மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும். சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். முப்பது வயது இருக்கும், சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். தலைவர்கள் வேண்டாம், சாமிகள் வேண்டாம், அந்தத் தெருவில் பிழைக்கிற ஒன்பது பேரின் முகங்களை வரையலாம் என்றார். கமிஷனருக்கு ஒரே சந்தோஷம். சாதி, மதம், கட்சி எந்தச் சண்டையும் வராத ஓவியம் இந்த ஊரில் கிடைப்பது லேசா?

ஓவியரின் வரைபடத்தில் நிறம் பொங்கி வழிந்தது. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், ஒருத்தி கிழங்கு வெட்டும் கத்தியோடு கை நீட்டுகிறாள். எஸ்டிமேட் எகிறியது. நான் பேனாவை எடுத்தேன். நிறங்களை வெட்டினேன். கறுப்பும் வெள்ளையும் போதும், அதுதான் கம்பீரம் என்றேன். ஆளுக்கு ஓர் அளவில் இருந்தால் அளவுப் புத்தகத்தில் எழுத முடியாது என்பதால், எல்லா முகமும் நேராகப் பார்க்க வேண்டும், எல்லாம் ஒரே அளவுக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்றேன். கட்டத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. கீழே பெயர், தொழில்.

ஓவியர் இரண்டு நாள் தயங்கினார். பிறகு, “உங்க ஊரு. உங்களுக்குத் தெரியும் மேடம்” என்றார்.

இந்நேரம் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் சுவரொட்டி வந்துவிடும். கறுப்பு வெள்ளை முகம், சுற்றிலும் கறுப்புக் கோடு, கீழே பெயர், தொழில். பஸ்ஸில் போகும்போது ஒரு சுவரில் முகத்தைப் பார்த்துத்தான் பாதிச் சாவுகளை நாம் அறிகிறோம். நானும் அப்படிப் பார்த்து பஸ்ஸிலேயே அழுதிருக்கிறேன். ஆனாலும் அன்று எனக்குத் தெரியவில்லை. எஸ்டிமேட்டில் அது வெறும் சதுர மீட்டராக இருந்தது.

திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் கைத்தட்டல் வரவில்லை. தக்கலைக்குப் போகிற பஸ் ஒன்று நின்றிருந்தது. அதன் ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல்: “அய்யோ, டெய்லரு எப்ப செத்தாரு?”

முதல் முகத்துக்குச் சொந்தக்காரரான டெய்லர் சாமுவேல் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எழுபது தாண்டியவர். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். அன்று சாயந்தரம் வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு துபாயிலிருந்து அவருடைய மகன் கதறிக்கொண்டு போன் செய்தானாம். அப்பாவே போனை எடுத்து, “லே, நான்தான் பேசுகேன்” என்று சொன்ன பிறகும் அவன் அழுகையை நிறுத்தவில்லையாம். ஒரு வாரம் அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மூன்றாவது வாரம் சாமுவேல் இறந்துபோனார். மத்தியானம், தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்தபடி. வயசு, நெஞ்சுவலி. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஓவியர் ஆளுக்கொரு படம் அச்சிட்டுக் கொடுத்திருந்தார். சுவரொட்டிக்கு வீட்டார் அதையே கொடுத்துவிட்டார்கள். பூங்காவைச் சுற்றியுள்ள மின்கம்பங்களில் எல்லாம் அதே முகம், அதே கோடு. சுவரில் இறந்தவர் ஒருவரும் இறக்காத எட்டுப் பேரும் ஒன்றுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் கவனித்த ஒரு விஷயம். சுவர்ப் பக்கம் புங்க மரங்களின் நிழல் உண்டு. எதிர்ப்பக்கம் மொட்டை வெயில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் நிழலை விட்டுவிட்டு வெயிலில் நடந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை. நிழல் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

இரண்டாவது முகம் சைக்கிள் கடை வேலாயுதன். ஒரு நாள் காலையில் அவருடைய படத்துக்கு மேல் ஆணி அடித்து ஒரு செவ்வந்தி மாலை தொங்கியது. ஏதோ பொறுக்கிப் பயல்களின் சேட்டை என்று நினைத்து அதை எடுக்கச் சொன்னேன். மறுநாள் வேலாயுதன் இறந்தார். சர்க்கரைக்காரர், காலில் புண், மாசக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடந்தவர். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று நான் பேனாவை மூடாமலே கைப்பையில் போட்டதில் பை முழுக்க மையாகிவிட்டது.

ஊர் இடமிருந்து வலமாக எண்ணத் தொடங்கியது.

மூன்றாவது முகம் தங்கபாய். அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பிள்ளை இல்லை. சுவருக்கு நேர் எதிரே சாக்கு விரித்து மரச்சீனி கிழங்கு விற்பவர். அவருடைய வாய்க்குப் பயந்து பஸ் கண்டக்டர்களே அந்த இடத்தில் விசில் அடிக்காமல் போவார்கள் என்பார்கள். அந்தத் தங்கபாய் ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். குரலே எழும்பவில்லை.

“மேடமே, ஒரு காரியம் கேக்கட்டா? எனக்க படத்தை அந்தச் செவுத்துல இருந்து எடுக்க முடியுமா?”

“சம்மதம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அக்கா.”

“போட்டேன். இப்பிடி வரையுவீங்கன்னு ஆருக்குத் தெரியும்? நாலு நாளாட்டு ஒரு கிலோ கிழங்கு போவல்ல. ஆளுவ வாறாவ, எனக்க மூஞ்சியப் பாக்காவ, திரும்பிச் செவுத்தப் பாக்காவ, அப்பிடியே போறாவ. செத்தவ கையில இருந்து ஆரு கிழங்கு வாங்குவா?”

“அது வெறும் பெயிண்ட் அக்கா.”

“உங்களுக்குப் பெயிண்டு. எனக்கு அது காலத்தருந்து அந்தி வர எதிர இருக்கு. நான் பாக்கல்லன்னாலும் அது என்னப் பாக்குது. நேத்து சோறு தின்னும்போ ஒரு நெனப்பு வந்துச்சு. நான்தான் படம், உசிரோட இருக்கது அதுதான்னு.”

கமிஷனரிடம் போனேன். “வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருது. எஸ்டிமேட்படி இருக்கான்னு பார்ப்பாங்க. அதுவரைக்கும் ஒரு கோடு மாறக் கூடாது. மாறினா மீதிப் பணம் வராது, வந்ததையும் திருப்பிக் கேப்பாங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. வெளியே வந்து தங்கபாயிடம், வியாழக்கிழமை கழியட்டும், பார்க்கலாம் என்றேன்.

“வியாழக்கெழம வர நான் இருக்கணும்லா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலச் சொன்னார். அன்று மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணி. சாக்கு விரிக்கும் இடம் காலி. எதிரே மூன்றாவது முகத்தில் புத்தம்புது செவ்வந்தி மாலை. பூவில் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு முனையில் எஸ்தரின் பூக்கடை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

“இது உங்க கடை மாலையா?”

“ஆமா மேடம்.”

“யார் வாங்கினது? சொல்லுங்க, போலீசுக்குப் போறேன்.”

எஸ்தர் நாரை நனைத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவளேதான் வந்து வாங்கினா. நல்லதாட்டு ஒண்ணு கெட்டித் தா ஏட்டின்னா. ஆருக்குன்னு கேட்டேன். எனக்குத்தான்னா.”

நான் திரும்பிச் சுவரில் தொங்கிய மாலையைப் பார்த்தேன்.

“அன்னைக்கு வேலாயுதன் அண்ணனும் அவரேதான் வந்து வாங்கினாரு” என்றாள்.

முட்டாள்தனமாக, “நீ ஏன் குடுத்தே?” என்றேன்.

“கேட்டா குடுக்காம? அவளுக்குப் போடதுக்கு ஆரு இருக்கா மேடம்? ஒருக்கா கண்ணால பாத்துக்கிடணும்னு தோணியிருக்கும்.”

பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் தங்கபாயின் ஒற்றை அறை வீடு. கதவு திறந்தே இருந்தது. பாயில் மல்லாந்து படுத்திருந்தார். உடம்பில் புது வெள்ளைச் சேலை, மடிப்புக் கலையாமல். தன் அடக்கத்துக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த சேலை அது என்று எஸ்தர் பிறகு சொன்னாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

“பசிக்கல்ல மேடமே. செத்தவளுக்கு என்ன பசி?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு பத்து நிமிடம் வரும். மேலதிகாரி சொன்னது ஒரு பக்கம், படுத்துக் கிடக்கிற ஆள் ஒரு பக்கம், இடையில் நீங்கள். எனக்கு முதலில் தோன்றியது முகத்தை அழித்துவிடுவதுதான். அங்கே நின்றுகொண்டே, நமக்கு வெள்ளையடித்துத் தருகிற மரியதாஸைப் போனில் கூப்பிட்டேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “செத்தவங்களுக்க படம்னா சொல்லுங்க மேடம், வெள்ளை அடிக்கேன். உசிரோட இருக்கவளுக்க மூஞ்சியில நான் அடிக்க மாட்டேன்.”

மரியதாஸ் மட்டும் அன்று சரி என்று சொல்லியிருந்தால், சுவர் தொடங்கிய வேலையை நானே முடித்து வைத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மறுத்த பிறகுதான் என் மண்டைக்கு உறைத்தது. இவளிடமிருந்து நான் எடுத்தது எது? பேனாவால் வெட்டியது எது?

ஓவியரைக் கூப்பிட்டேன். நாளைக்குத்தான் வந்து சேர முடியும் என்றார். அதுவரை நீங்களே தொடங்குங்கள் என்றார். நான் ஜன்மத்தில் பிரஷ் பிடித்ததில்லை. ஆனால் பூங்கா ஊஞ்சல்களுக்கு வாங்கிய பெயிண்ட் ஸ்டோரில் இருந்தது. குனிந்து, “அக்கா, உங்க படத்துக்கு நிறம் அடிக்கப் போறேன். சேலை என்ன கலர் வேணும்?” என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்போ பச்சை அடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். மாலையைக் கழற்றினேன். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு கண்ணும் என் உள்ளங்கை அளவு இருந்தது. எதிர்ப்பக்க வெயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஊரில் அத்தனை பேர் கூடி ஒருவர்கூடப் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. தோளிலிருந்து பச்சையை இழுத்தேன். பழக்கமில்லாத கை, கழுத்திலும் வழிந்தது.

பின்னால் கூட்டம் சட்டென்று இரண்டாக விலகியது. திரும்பிப் பார்த்தேன். எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அதே வெள்ளைச் சேலையில் தங்கபாய் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ஜனம் பின்னுக்குப் பின்னுக்குப் போயிற்று. என் முன்னால் சுவரில் ஒரு தங்கபாய், பின்னால் தெருவில் ஒரு தங்கபாய், நடுவில் ஸ்டூலில் நான். இருவரில் எது படம், எது ஆள் என்று ஒரு நொடி உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன். இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

தங்கபாய் சுவரை வெகுநேரம் பார்த்தார்.

“பச்சையா?” என்றார்.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தார்.

“நான் எப்ப பச்ச உடுத்தேன்? என்னப் பாத்தா பச்ச உடுக்கவ மாதிரியா இருக்கு? மஞ்ச அடி பிள்ளே. நல்ல மாம்பழ மஞ்ச. பின்ன, வாய எதுக்கு இப்பிடி இறுக்கி மூடி வச்சிருக்க? நான் ஒரு நாளாவது வாய மூடிட்டு இருந்திருக்கேனா?”

“அது உள்ளதுதான்” என்றார் கூட்டத்தில் ஒரு ஆட்டோக்காரர். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தெருவோடு போயிற்று. தங்கபாய் என் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். எஸ்தர் ஓடினாள். நான் பச்சைக்கு மேல் மஞ்சள் பூசிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் ஓவியர் வந்து என் கோலத்தைச் சரிசெய்தார், அந்த வாயைத் திறந்துவிட்டார். மீதி ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு அவரவர் நிறத்தைக் கொடுத்தார். முதல் இரண்டு முகங்களைத் தொடவில்லை. வியாழக்கிழமை வந்த குழு, ஏழு பேர் நிறத்திலும் இரண்டு பேர் கறுப்பு வெள்ளையிலும் இருப்பது அருமையான கற்பனை என்று மெச்சிப் போட்டோ எடுத்துக்கொண்டது. எஸ்டிமேட்டை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணையும் கொடுத்தது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்கள் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

தங்கபாய் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். கிழங்கு விற்றது, வாயும் பழையபடி ஆயிற்று. ஊரும் சுவரை வாசிக்கப் பழகிக்கொண்டது. நிறம் இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐந்தாவது முகமான பேப்பர் ஏஜெண்ட் இறந்தபோது அவருடைய மகன்கள், நிறத்தை எடுத்துத் தர வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு மரியதாஸை அனுப்பினேன். சாம்பல் நிறம் பூசி முடிக்கும்வரை அந்த வீட்டுப் பெண்கள் சுவருக்கு முன்னால் நின்றார்கள், அதற்குப் பிறகுதான் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். அடுத்த சாவுக்கும் அப்படியே. எந்த அரசாணையிலும் இல்லாத ஒரு வேலை நம் பிரிவுக்கு இப்படி வந்து சேர்ந்தது.

என் பணியின் கடைசி வருடத்தில் தங்கபாய் தூக்கத்தில் போய்விட்டார். சபையார் அடக்கம் செய்தார்கள், நானும் போயிருந்தேன். சொந்தக்காரர் இல்லாததால் மனு வரவில்லை. நானாகவும் செய்யவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல மஞ்சள் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் வீட்டு வரைபட அனுமதிக்காக என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில், “நம்ம ஊரு கிழங்கு கொள்ளாம் மேடம், நல்ல ருசி. சனிக்கெழம பூங்காவுக்கு எதிர இருக்க மஞ்ச சேலை அம்மாகிட்ட வாங்கினேன். விலை குறைக்கச் சொன்னேன், நல்ல வசவு கிட்டிச்சு” என்றார். நான் அவருடைய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரிடமோ வாங்கியிருப்பார், சுவரைப் பார்த்ததில் குழம்பியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மாதமே இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள்.

பிறகு எஸ்தர் வந்தாள், கையில் மனுவோடு.

“அவ இன்னும் அங்கனதான் இருக்கா மேடம். காலத்த நான் கடை தொறக்கும்போ எதிர சாக்கு உதறுத சத்தம் கேக்கு. எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல, சங்கடமாட்டு இருக்கு. எத்தன நாளைக்கு அவள வெயில்ல இருத்துவிய? நிறத்த எடுத்து அவள விடுங்க.”

மரியதாஸைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு தடவையும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். பாயிலிருந்து எழுந்து வந்து அந்த மஞ்சளுக்குத்தான் சண்டை போட்டாள். அதை என் கையெழுத்தில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன். முதல் தடவை நான் கண் இருந்தும் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்துவிட்டுச் செய்யவில்லை. இதுதான் பெரிய தப்பு.

நம்பிக்கை கிடையாது என்று சொன்னேன், இப்போதும் கிடையாது. ஆனால் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை. கிழங்குக்கு வேறு சந்தைக்குப் போகிறேன்.

எஸ்தரின் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. உங்களில் யாருக்கு அந்த வார்டு வருமோ அவர் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எடுப்பது என்று முடிவானால், என்னைப் போல நேராக அளவெடுத்து வேலையைத் தொடங்கிவிட வேண்டாம். சுவருக்கு முன்னால் நின்று, “தங்கபாய் அக்கா, நிறத்தை எடுக்கப் போறோம்” என்று முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள்.